ஒரே பெயர் உள்ள வருகைப் பதிவேடு

கல்லூரி விண்ணப்பத்தில் 'கடைசியாகப் படித்த பள்ளி' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் போட்ட புண்ணியவானுக்கு, பள்ளிக்கூடம் என்றால் மதில் இருக்கும், மணி இருக்கும், முறைத்துப் பார்க்க ஒரு தலைமையாசிரியர் இருப்பார் என்ற நம்பிக்கை. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்குப் பின்சந்தில், மாடியில் இரண்டே அறை உள்ள வீட்டில், அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஏழு வருஷம் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அந்தப் பள்ளிக்கு ஒரே ஆசிரியை லதீஃபா. ஒரே மாணவி அவள் மகள் ஜஸ்னா.

அன்று மூன்று பேரும் எர்ணாகுளத்தில் ஒரு அரசுக் கல்லூரியின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். லதீஃபா மடியில் சான்றிதழ் கோப்பு. பக்கத்தில் ஜஸ்னா. அந்தக் கோடியில் கணவர் அப்துல் நாசர், துணிப்பை ஒன்றைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, நொடிக்கொரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. பி.எஸ்ஸி. கணிதத்தில் ஜஸ்னாவுக்கு இடம் கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் சான்றிதழ்களைக் காட்டிச் சேர்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

லதீஃபாவுக்குப் பயம் சான்றிதழைப் பற்றியது அல்ல. யாராவது அந்த வியாதியைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்பதுதான்.

ஜஸ்னாவுக்குப் பதினோரு வயதில், ஆறாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது முதல் வலிப்பு வந்தது. இரண்டாவது வகுப்பறையில். மூன்றாவதற்குப் பிறகு, மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், குணமான பிறகு கூட்டி வாருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார்கள். மரியாதையாகச் சொன்னதால் சண்டைகூடப் போட முடியவில்லை. வீட்டுக்குள் அந்த வியாதிக்குப் பெயரே கிடையாது. 'அது' என்பார்கள். அது வந்தது, அது வரவில்லை.

லதீஃபா பாலக்காட்டில் பி.எட். முடித்தவள். முடித்த மாதமே கல்யாணம். கையில் சாக்பீஸ் பிடிக்க வாய்க்காத அந்த ஆத்திரத்தை எல்லாம் மகள்மேல் கொட்டினாள் என்று சொன்னால் தப்பில்லை. பாடம் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, பள்ளிக்கூடம் என்றால் பதிவேடு வேண்டும் என்று பஜார் ரோட்டில் போய் நீளமான வருகைப் பதிவேடு ஒன்று வாங்கி வந்தாள். ஐம்பது பேருக்கான கோடுகள். முதல் கோட்டில் ஜஸ்னா நாசர். கீழே நாற்பத்தொன்பது கோடு காலி. தினமும் ஒன்பதரைக்கு, துவைத்த புடவை கட்டி, முந்தானையைச் செருகி, மேசைக்கு எதிரே நின்று பெயர் கூப்பிடுவாள். "பிரசென்ட் டீச்சர்" என்று மகள் எழுந்து நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிவரை அம்மா என்ற பேச்சே கிடையாது. இது என்ன கூத்து என்று கீழ்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அது வந்த நாட்களில் ஜஸ்னா உச்சிவேளைவரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். பாடம் நடக்காது. அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு 'ஆ'. ஆப்சென்ட். நடக்காத வகுப்பை நடந்ததாகப் பதிவேட்டில் எழுத லதீஃபாவுக்குக் கை வராது.

வாயால் பொய் சொல்ல வந்தது. அதுதான் வேடிக்கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது கணக்குப் பரீட்சை. அன்று விடியற்காலை ஜஸ்னாவுக்கு அது வந்தது. இரண்டு நிமிஷம். தெளிந்து கண் திறந்ததும் "வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றால் அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் புறப்படாது. ஒவ்வொரு தடவையும் எண்ணி எண்ணி, போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் கிடப்பவள். லதீஃபா, "இல்லையே, அசந்து தூங்கிட்டே" என்றாள். ஜஸ்னா எழுந்து போய் எழுதிவிட்டு வந்தாள். பாஸும் ஆனாள்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம் விடவில்லை. அவள் பார்த்தவரை, இப்போதெல்லாம் அது வருவது விடியற்காலையில், விழிக்கிற நேரத்தில்தான். நாசர் சுபுஹுத் தொழுகைக்குப் போகிறவர், அப்படியே கடையில் சாயா குடித்துவிட்டுக் குடோன் திறக்கப் போய்விடுவார். அவருக்கும் தெரியாது. டாக்டரிடம் மட்டும் லதீஃபா தனியாகப் போய்ச் சொன்னாள். அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டாள். இந்த மூன்று வருஷத்தில் ஜஸ்னா சிரிக்கக் கற்றுக்கொண்டாள், நூலகத்துக்குத் தனியாகப் போனாள், கல்லூரிக்குப் போகிறேன் என்று ஒருநாள் தானாகவே சொன்னாள். இதையெல்லாம் கொடுத்தது தன்னுடைய பொய்தான் என்று லதீஃபா நம்பினாள். ராத்திரியில் துஆ கேட்கும்போது அந்தப் பொய்க்கு மன்னிப்பும் கேட்டாள், அதை நீடிக்கவும் கேட்டாள்.

"ஜஸ்னா நாசர்!"

உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் சுதீர் என்று பெயர்ப்பலகை வைத்த எழுத்தர். அடுத்த மேசையில் சேர்க்கைக் குழுவின் பேராசிரியை, நரைத்த முடியை இறுக்கி முடிந்தவர், எதையோ திருத்திக்கொண்டிருந்தார். சுதீர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். மதிப்பெண் பட்டியல் சரி. மாற்றுச் சான்றிதழ் சரி. பிறகு நிமிர்ந்தார்.

"கண்டக்ட் சர்ட்டிஃபிகேட் எவிடே?"

நடத்தைச் சான்றிதழ். ஓப்பன் ஸ்கூல் மதிப்பெண் தரும், பிள்ளை நல்லதா கெட்டதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? படித்த இடத்துத் தலைமையாசிரியர் தர வேண்டும், அல்லது பிள்ளையை நேரில் தெரிந்த கெசட்டட் அதிகாரி யாராவது தர வேண்டும் என்று சுதீர் விளக்கினார். மணி மூன்று பத்து.

"வீட்டுலதான் சார் படிச்சுச்சு" என்றார் நாசர்.

"அது மனசிலாயி சேட்டா. பக்ஷே பேப்பர் வேணமல்லோ." புரிகிறது, ஆனால் காகிதம் வேண்டுமே என்று சுதீர் கையை விரித்தார்.

ஏழு வருஷத்தில் இந்தப் பிள்ளையை நேரில் தெரிந்தவர்கள் என்று யார் இருக்கிறார்கள் என்று லதீஃபா எண்ணினாள். அவள், நாசர், தனியார் ஆஸ்பத்திரி டாக்டர், மருந்துக்கடைக்காரர், நூலகத்து அனில். கெசட்டட் அதிகாரிக்கு எங்கே போக? கூட்டுக்குள் வைத்துக் காத்ததன் கணக்கு இப்படி வந்து நிற்கும் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் நாசர் துணிப்பையைத் திறந்தார்.

அவர் இருபது வருஷமாகக் குடோனில் எடைப் பதிவு எழுதுகிறவர். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீசானாலும் சரி, லாரி ஷெட்டானாலும் சரி, வாய்ப்பேச்சுக்கு ஒருவரும் அசைய மாட்டார்கள், பதிவேட்டைத் திறந்து காட்டினால் அசைவார்கள் என்பது அவர் கண்ட உண்மை. அதனால் காலையில் யாரிடமும் சொல்லாமல் அலமாரியிலிருந்து அந்த நீளப் பதிவேட்டை எடுத்துப் பையில் போட்டிருந்தார். அவர் அதன் அட்டையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"ரிஜிஸ்டர் இருக்கு சார். ஒரு நாள் விடாம எழுதியிருக்கா. டீச்சர் படிப்பு படிச்சவ. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?"

"என்னங்க, அது வேண்டாம்" என்று லதீஃபா கையை நீட்டினாள். அதற்குள் சுதீர் வாங்கிவிட்டார். ஐம்பது கோட்டில் ஒரே பெயரைப் பார்த்து அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சிரிக்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளினார்.

"அனந்தலக்ஷ்மி மேடம், இதொந்நு நோக்கூ."

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அவசரமே இல்லாத விரல்கள். லதீஃபா நின்ற இடத்திலேயே நின்றாள். பள்ளிக்கூடம் துரத்தியதைப் போலவே கல்லூரியும் துரத்தப் போகிறது, அதுவும் தன் கையெழுத்தை வைத்தே துரத்தப் போகிறது என்று நினைத்தாள். அதைவிடப் பெரிய பயம் பக்கத்தில் நின்றது. ஜஸ்னா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தமிழா? எங்கே?"

"பாலக்காடு மேடம்."

"நானும் அந்தப் பக்கம்தான்" என்ற அனந்தலக்ஷ்மி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "ஆத்துலேயே இருக்கற கொழந்தை எப்படி ஆப்சென்ட் ஆவா? கடைசி மூணு வருஷத்துல மட்டும் பத்தொம்போது தடவை செவப்புல போட்டிருக்கேளே?"

நாசர் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் குழப்பம். பிறகு மெல்ல மெல்ல வேறொன்று.

"எனக்கு வலிப்பு வந்த நாள் மேடம்" என்றாள் ஜஸ்னா.

குரலில் நடுக்கமே இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

"அம்மா என்கிட்டே சொல்றதில்லை. மூணு வருஷமா எதுவும் வரலைன்னு சொல்வாங்க. நாக்குல காயம் இருக்கும், தோள் ரெண்டும் வலிக்கும், காலையில எட்டு மணிக்கே மெத்தை விரிப்பு துவைச்சுக் காயும். எனக்குத் தெரியும். ஆனா பத்தொம்பது இல்லை மேடம். இருபத்திமூணு. நாலு அம்மாவுக்குத் தெரியாது." சுதீர் பக்கம் திரும்பினாள். "அப்ளிகேஷன்ல நாலாம் பக்கத்துல எழுதியிருக்கேன். கடைசியா வந்த தேதியும் போட்டிருக்கேன்."

சுதீர் திரையில் தேடினார். தலையசைத்தார். இருந்தது.

வெளியே யாரோ பெயர் கூப்பிட்டார்கள். லதீஃபா கல்லூரியையும் இடத்தையும் மறந்துபோனாள். நாலு என்ற எண் மட்டும் மண்டைக்குள் நின்றது. நாலு தடவை இந்தப் பிள்ளை எங்கேயோ தனியாக விழுந்து, தனியாக எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் "பிரசென்ட் டீச்சர்" என்று நின்றிருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

அனந்தலக்ஷ்மி பதிவேட்டை மூடினார். "வலிப்புக்காக சீட்டு கொடுக்கக் கூடாதுன்னு இங்கே ஒரு சட்டமும் கிடையாது. வகுப்புல வந்தா யாரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர் வேணும், அவ்வளவுதான்." பிறகு இழுப்பறையிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். "நானும் கெசட்டட் ஆபீசர்தான். பொண்ணை எனக்கு அரை மணி நேரமா நேர்ல தெரியும். பெத்த பொண்ணுக்கே ஆப்சென்ட் போடற டீச்சர் எழுதின புஸ்தகத்தை நான் நம்பறேன். போறுமா, சுதீர்?"

"மதி மேடம்" என்று சுதீர் தலையாட்டினார்.

அனந்தலக்ஷ்மி இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ஜஸ்னா சேர்ந்துவிட்டாள். மணி மூன்று நாற்பது. ஏழு வருஷம் கேட்ட துஆ பலித்த அந்த நிமிஷத்தில் லதீஃபாவுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

படகு ஜெட்டிவரை நாசர் முன்னால் நடந்தார். ஃபோர்ட் கொச்சி போட்டில் ஏறியதும் அவர்கள் பக்கத்தில் உட்காராமல், முன்பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மடியில் பதிவேடு. அதைத் திறந்து சிவப்பு எழுத்துகளைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை திரும்பி, "என்கிட்டயும் மறைச்சே, லதீஃபா" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போட் நகர்ந்தது. வலப்பக்கம் பெரிய கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. லதீஃபா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த நாலு எப்போ?"

ஜஸ்னா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு, நீ மார்க்கெட்டுக்குப் போனப்ப. ஒண்ணு மொட்டைமாடியில துணி எடுக்கும்போது. எழுந்து பார்த்தா முழங்கையில ரத்தம். படியில வழுக்கிட்டேன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டவளே அவள்தான்.

"நாலாவது?"

"அது வேண்டாம்மா."

"சொல்லு."

"இந்த போட்டுல."

மகளை லதீஃபா ஒருநாளும் தனியாகப் படகில் விட்டதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. போன வருஷம் பன்னிரண்டாவது கணக்குப் பரீட்சை அன்று அவளுக்கு நூற்றிமூன்று டிகிரி காய்ச்சல். குடோனில் லோடு இறங்குகிற நாள். நாசர் ஜெட்டிவரை கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போனார். அவள் ஜமுக்காளத்தில் சுருண்டு கிடந்து, ஜஸ்னா திரும்பி வரும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். வந்த பிள்ளை, "ஈஸியா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது.

"அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான். தெளிஞ்சு பார்த்தா ஒரு சேச்சி மடியில என் தலை. யாருன்னே தெரியாது. அவங்க சேலை பூரா என் எச்சில். இன்னொருத்தர் என் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னாங்க. பரீட்சை இருக்குன்னேன். அந்தச் சேச்சி ஹால் வாசல்வரைக்கும் கூட வந்துட்டுப் போனாங்க." ஜஸ்னா உதட்டைக் கடித்தாள். "எண்பத்தெட்டு மார்க் அதுலதான் வாங்கினேன்."

அந்த எண்பத்தெட்டை லதீஃபா கீழ்வீடு மேல்வீடு எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஏழு வருஷமாக எது நடந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்தாளோ, அது நடந்து முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. படகில், தண்ணீர் நடுவில், அந்நியர்கள் மத்தியில். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவள் கை அங்கே இல்லை. வேறு யாரோ ஒருத்தியின் மடி இருந்தது. அந்தப் பெண்ணை நினைத்து நன்றியும் பொறாமையும் ஒன்றாகப் பொங்கி அவளுக்கு அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு அழுதாள். ஜஸ்னா சமாதானம் சொல்லவில்லை. தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி என்கிட்டே சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

லதீஃபா முன்பக்கத்து பெஞ்சில் நாசரின் முதுகைப் பார்த்தாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "இனிமே ஒண்ணும் மறைக்க மாட்டேன். வந்தா வந்துச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன். நீயும் எதுவானாலும் என்கிட்டே சொல்லிடணும். காலேஜ்ல வந்தாலும் சரி, போட்டுல வந்தாலும் சரி. சரியா?"

போட் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிறவர்கள் எழுந்து நெருக்கியடித்தார்கள். நாசர் பதிவேட்டைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீ சொல்லும்மா. எனக்கு அது வேணும்" என்றாள் ஜஸ்னா. "ஆனா நான் எல்லாத்தையும் சொல்ல மாட்டேன். ஆபத்துன்னா சொல்றேன். மத்தது எனக்குன்னு இருக்கட்டும்."

போட் ஜெட்டியில் இடித்து நின்றது. ஜஸ்னா அம்மாவிடமிருந்து சான்றிதழ்க் கோப்பை வாங்கித் தன் மார்போடு பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கிப் போய் முதலிலேயே இறங்கியிருந்த அத்தா நாசரின் பக்கத்தில் நின்றாள். லதீஃபாவுக்கு அந்தப் பதில் கத்தியாய் வலித்தது. அதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பென்று சொல்ல அவளால் முடியவில்லை.

"அம்மா, இறங்கு. போட் திரும்பப் போகுது" என்று கூப்பிட்டாள் மகள்.